டப்பா மடித்த தீபாவளி

1

சாத்தூரிலிருந்து என் சித்தப்பா மகன் ராமராஜ் போன் பண்ணினான். ஊர் வியாபாரிகள் சேர்ந்து மலர் போடுகிறார்களாம். வெளிநாட்டில் பண்டிகைகள் எப்படி நடக்கின்றன என்று நான் நாலு பக்கம் எழுதித் தரவேண்டுமாம்.

"எனக்கு எதுக்குடா எழுத்து? நான் எட்டாவது பெயிலு."

"அண்ணே, பாஸானவன்லாம் இங்கன கெடக்கான். பெயிலானவர்தான் அமெரிக்காவுல இருக்கீரு. கோட்டு போட்ட போட்டோ ஒண்ணும் சேத்து அனுப்பும்."

பயல் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. போட்டோவை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். எழுதத்தான் மாசக் கணக்காகிவிட்டது. பண்டிகை என்று எழுத உட்கார்ந்தாலே என் மகள் கல்பனா வந்து எதிரே நிற்கிறாள். எனக்கு ஒரே மகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் புருஷன், பிள்ளையோடு இங்கிருந்து கிளம்பி ஸ்வீடன் நாட்டுக்குப் போனாள், ஸ்டாக்ஹோம் பட்டணத்துக்கு. அவளைத் திரும்பக் கூட்டி வருகிறேன் என்று நானே நேரில் போனேன். அதைச் சொல்லாமல் பண்டிகையைப் பற்றி என்னால் ஒரு வரி எழுத முடியாது. மலர்க் கமிட்டி வெட்டுவதானால் வெட்டிக்கொள்ளட்டும்.

2

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் அமெரிக்காவுக்கு வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. சான்டா கிளாராவில் ஒரு ஓட்டலில் சரக்கு மாஸ்டராக வந்தேன். சரக்கு என்றால் வேறு ஒன்றுமில்லை, மிக்சர், முறுக்கு, சேவு, இனிப்பு வகையறா. இன்றைக்கு சான் ரமோனில் ஒரு கடை, பிளசன்டனில் ஒரு கடை, இரண்டும் என்னுடையது. என் சேவு இல்லாமல் இந்தப் பக்கம் ஒரு கிரகப்பிரவேசம் நடந்ததில்லை. ராக்கெட் விடுகிறவனும், கம்ப்யூட்டருக்கு மூளை வைக்கிறவனும் என் கடையில் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறான். "அங்கிள், கால் மணி நேரமா நிக்கிறேன்" என்பான். நில்லுப்பா என்பேன். படித்தவனை நிற்க வைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. படிக்காதவனுக்குத்தான் அது தெரியும்.

ஊரை நினைத்து அழுகிற ஆள் நான் இல்லை. ஊர் எனக்குப் பசியைத்தான் கொடுத்தது. அதனால் "அங்கே எல்லாம் பொன், இங்கே எல்லாம் மண்" என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஆனாலும் இங்கே பண்டிகை நடக்கிற லட்சணத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். தீபாவளி செவ்வாய்க்கிழமை வந்தால் செவ்வாய்க்கிழமை யாரும் கொண்டாட மாட்டார்கள். ஆபீஸ் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. எந்தச் சனிக்கிழமை பள்ளிக்கூட ஹால் வாடகைக்குக் கிடைக்கிறதோ அந்தச் சனிக்கிழமைதான் தீபாவளி. நரகாசுரன் செத்தானா இல்லையா என்பது ஹால் புக்கிங்கைப் பொறுத்தது. அந்த ஹாலுக்கும் ஃபாரம் மேல் ஃபாரம் நிரப்பவேண்டும். சமைக்கக் கூடாது, சுடவைக்க மட்டும் செய்யலாம். விளக்கு ஏற்றலாமா என்று கேட்டால் நெருப்பு இலாகாவைக் கேள் என்பான். அவனைக் கேட்டால் இன்சூரன்ஸ் காகிதம் எங்கே என்பான். கடைசியில் குத்துவிளக்கில் பேட்டரி பல்பைச் செருகி, அதற்கு ஒரு டாக்டரம்மா வந்து தீக்குச்சி இல்லாமல் கையைக் காட்ட, எல்லோரும் கைதட்டுவார்கள். பட்டாசு கிடையவே கிடையாது. கம்பி மத்தாப்பு கொளுத்தினால்கூடப் போலீஸ். சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான், இதையும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

இங்கே நாலு சங்கம். நாலு சங்கமும் ஒன்றோடொன்று பேசாது. அதனால் நாலு சனிக்கிழமை, நாலு தீபாவளி. நாலுக்கும் பலகாரம் என் கடையிலிருந்துதான். இது போக, அசல் தீபாவளி அன்றைக்குக் கடையில் கூட்டம் ரோடு வரைக்கும் நிற்கும். பொங்கலும் அப்படி, கிருஷ்ண ஜெயந்தியும் அப்படி. வருஷத்தில் எனக்கு வந்த அத்தனை தீபாவளி இந்த அமெரிக்காவில் வேறு எவனுக்கும் வந்திருக்காது. இதைப் பெருமையாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

3

கல்பனா குடியிருந்தது என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. அவள் கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தது. மாப்பிள்ளைக்கு ஸ்டாக்ஹோமில் வேலை என்றதும், "ரெண்டே வருஷம்பா, சும்மா ஒரு எக்ஸ்பீரியன்ஸ்" என்றாள். சரி போ என்றேன். இரண்டு வருஷம் முடியப் போகிற சமயத்தில் என் மனைவி சரோஜாதான் மெதுவாக வாயைத் திறந்தாள்.

"என்னங்க, அங்கயே இருந்துக்கிறதுக்கு எழுதிக் குடுத்திருக்காளாம். இங்க கிரீன் கார்டு மாதிரி அங்க ஒண்ணாம்."

"யார கேட்டு?"

"கட்டுன புருஷனக் கேட்டிருப்பா."

எனக்கு எழுபத்திரண்டு வயது. இரண்டு கடை, மூன்றாவது வீடு, பேத்தி எல்லாம் இருந்தும் கண்ணுக்கு எதிரே ஒருத்தரும் இல்லை என்றால் எதற்கு இந்த ஓட்டம்? டிசம்பர் மாதம் டிக்கெட் போட்டேன். கடையை மாஸ்டர் கணேசனிடம் ஒப்படைத்துவிட்டு சரோஜாவோடு கிளம்பினேன்.

அங்கே ஏர்போர்ட்டில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொடிப் பெண் உட்கார்ந்து, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாள். என் இங்கிலீஷ் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் கற்றுக்கொண்ட இங்கிலீஷ். உள்ளதை உள்ளபடி சொன்னேன்: "டு டேக் மை டாட்டர் பேக்." அவள் முகம் மாறிவிட்டது. மகளுக்கு என்ன வயது? நாற்பது. வருவதற்கு அவளுக்குச் சம்மதமா? அதை நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். தனி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். கல்பனாவுக்குப் போன் போட்டு, இவர் உன்னை வலுக்கட்டாயமாகக் கொண்டுபோக வந்திருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் மகள் சிரித்துக்கொண்டே கட்டிப்பிடித்தாள். "அப்பா, உங்கள டிப்போர்ட் பண்ணவான்னு கேட்டாங்க. நான்தான் இரக்கப்பட்டு வேணாம்னு சொன்னேன்."

சரோஜா சிரித்தாள், மாப்பிள்ளை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண் கேட்ட கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

4

ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மாதம் மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டு. அந்த இருட்டுக்கு ஊர்க்காரன் சன்னலுக்குச் சன்னல் ஏழு விளக்கு வைத்திருக்கிறான். ஒரு வீடு பாக்கியில்லை. கார்த்திகைக்குக்கூட நம் தெருவில் அப்படிப் பார்த்ததில்லை.

மகள் வீட்டு பிரிட்ஜ் கதவில் ஒரு காலண்டர். அதில் பேத்தி தியா சிவப்பு பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். எட்டு வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள், இப்போது இடையிடையே ஸ்வீடிஷும் சேர்ந்துவிட்டது. ஆக, எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு மதில். மாப்பிள்ளைதான் வட்டங்களை விளக்கினார். ஏப்ரல் கடைசியில் சொக்கப்பனை மாதிரி நெருப்பு மூட்டிக் குளிர்காலத்தை வழியனுப்புகிறார்கள். ஈஸ்டருக்குப் பெண் பிள்ளைகள் கன்னத்தில் பொட்டு வைத்துக் கிழவி வேஷம் கட்டி, வீடு வீடாக மிட்டாய் கேட்கிறார்கள். ஜூனில் பெரிய கம்பத்துக்கு இலையும் பூவும் சுற்றி நட்டு, அதைச் சுற்றிப் பெரியவர் சின்னவர் எல்லோரும் தவளை மாதிரி குதிக்கிறார்கள்.

"மாப்ள, நீங்களுமா குதிச்சீங்க?"

"குதிச்சேன் மாமா. எங்க டைரக்டரே குதிச்சார்."

"அது எந்த நாள்ல வரும்? திதி பாத்தா?"

"முன்னாடி ஒரே தேதியில வந்துட்டிருந்துச்சாம். அப்புறம் வெள்ளிக்கிழமைக்கு மாத்திட்டாங்க."

"பாத்தியா!" என்றேன் மகளிடம். "இவனும் நம்ம சங்கத்துக்காரன் மாதிரிதான்."

"இல்லப்பா. அன்னைக்கு ஊரே லீவு. கடையெல்லாம் பூட்டிட்டுப் போயிருவாங்க. சிட்டியே காலி."

பதின்மூன்றாம் தேதி காலையில் லூசியா என்று ஒரு விழா. விடிவதற்கு முன்னால் தியாவின் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். விளக்கெல்லாம் அணைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் கோட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை அங்கி, இடுப்பில் சிவப்பு நாடா, பிள்ளைகள் பாடிக்கொண்டே வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்த பெரிய பெண் தலையில் கிரீடம், கிரீடத்தில் மெழுகுவத்தி, மெழுகுவத்தியில் நிஜ நெருப்பு! எங்கள் ஊர் நெருப்பு இலாகாக்காரன் பார்த்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பான். நாலாவதாக தியா வந்தாள். கையில் விளக்கு. எங்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டே போனாள்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ் ஓட்டுகிறவராம். அந்தப் பக்கம் இருந்தவர் மாப்பிள்ளையின் டைரக்டர். வேலைநாள் காலையில் இத்தனை ஆம்பளைகளுக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்தேன். அதை வாய்விட்டே கேட்டேன்.

கல்பனா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு எல்லோருக்கும் குங்குமப்பூ போட்ட மஞ்சள் பன் கொடுத்தார்கள். இரண்டு முனையும் சுருண்டு, ஒவ்வொரு சுருளிலும் ஒரு திராட்சை. நான் தொழில்காரன், சும்மா சொல்ல மாட்டேன். பதம் நன்றாக இருந்தது.

5

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள்தான் அங்கே பெரிய பண்டிகை. அன்றைக்குக் காலையில் எனக்கு அந்த மஞ்சள் பன் மேல் ஆசை வந்தது. தெரு முனையில் ஒரு பேக்கரி உண்டு. பத்து நாளாக அங்கே போய்ப் போய்ப் பழகியிருந்தேன். கடைக்காரன் என்னைப் பார்த்தால் கையைத் தூக்குவான், நானும் தூக்குவேன். அன்றைக்குப் பனியில் வழுக்கி வழுக்கிப் போய்ப் பார்த்தால் கதவு பூட்டியிருக்கிறது. கண்ணாடியில் ஒரு சின்னக் காகிதம். உள்ளே தட்டெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறான்.

வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரித்தேன்.

"கல்பனா, உங்க ஊர்ல இவன மாதிரி ஒரு கேனயன நான் பாத்ததில்ல. வருஷம் பூரா ஈ ஓட்டுறான். இன்னைக்கு ஒருநாள் ஊரே வாங்க வரும், இன்னைக்குப் பாத்துக் கதவச் சாத்திட்டுப் போயிருக்கான். இவன்லாம் என்ன யாவாரி?"

கல்பனா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"அந்தக் கடைக்காரருக்கு ஒரு பொண்ணு இருக்கும்பா."

"இருந்தா?"

"அதனால பூட்டிட்டுப் போயிருப்பாரு."

சரோஜா அடுப்படியிலிருந்து, "ஏட்டி, விடு" என்றாள். அவளுக்கு என்ன வரப்போகிறதென்று முன்னமே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. நான் வந்த விஷயத்தைப் பேச இதுதான் சமயம் என்று நினைத்து, வீடு சும்மா கிடக்கிறது, பிளசன்டன் கடையை உன் பேருக்கே எழுதுகிறேன், அடுத்த தீபாவளிக்கு அங்கே வந்துவிடு, எல்லோரும் ஒன்றாகக் கொண்டாடலாம் என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, நாம எந்த தீபாவளிய ஒண்ணா கொண்டாடியிருக்கோம்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

"எல்லாம்தான். கடையில எல்லாரும் ஒண்ணாதான இருந்தோம்?"

"கடையில நான் டப்பா மடிச்சேன்பா."

உங்களுக்குப் புரியவேண்டும் என்றால் இதை விளக்கவேண்டும். இனிப்பு வைக்கிற அட்டை டப்பா தட்டையாகத்தான் வரும். கோடு பார்த்து மடித்து, காதைச் செருகினால்தான் பெட்டியாகும். கல்பனா பத்து வயதிலேயே அதில் கெட்டிக்காரி. நான் எல்லோரிடமும் காட்டுவேன், பாருங்கள் என் மகள் கை எவ்வளவு வேகம் என்று.

"டீச்சர் கேப்பாங்க, தீபாவளிக்கு என்ன பண்ணேன்னு. மத்த பிள்ளைங்க மருதாணி, புது டிரஸ்னு சொல்லும். நான் ஃபோல்டட் பாக்சஸ்னு சொல்வேன். விரல்ல அட்டை கிழிச்சு பேண்ட்எய்ட் இருக்கும், அதக் காட்டுவேன். ஹைஸ்கூல் வரைக்கும். எல்லார் வீட்டு தீபாவளிக்கும் நான் டப்பா மடிச்சேன். நம்ம வீட்டு தீபாவளி எப்பன்னு ஞாபகம் இருக்கா? கூட்டம் ஓஞ்சு, மிச்ச ஸ்வீட்ட நீங்க வீட்டுக்குக் கொண்டு வருவீங்களே, அன்னைக்கு. நொறுங்கினது, ஷேப் வராதது. அம்மா அத சாமிகிட்ட வெச்சு எடுத்துக் குடுப்பாங்க."

"உனக்காகத்தானடி பாடுபட்டேன்!"

"தெரியும்பா. அதனாலதான் நாப்பது வயசு வரைக்கும் சொல்லல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். மறுபடி கத்தியை எடுத்து உருளைக்கிழங்கை உரிக்க ஆரம்பித்தாள். மாப்பிள்ளை கம்ப்யூட்டரைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். அதில் ஒன்றும் ஓடவில்லை.

"நாங்க திரும்பி வரலப்பா. அந்த வீட்ட வித்துருங்க" என்றாள்.

6

திரும்பி வரும்போது விமானத்தில் பன்னிரண்டு மணி நேரம் நான் சரோஜாவிடம் வழக்காடினேன். கடை இல்லாவிட்டால் இவள் படித்திருப்பாளா? எண்ணெய்ச் சட்டி முன்னால் நான் நின்றதால்தானே இவள் ஸ்டாக்ஹோமில் உட்கார்ந்து எனக்கு நியாயம் சொல்கிறாள்? அந்தப் பேக்கரிக்காரனுக்கு அவன் அப்பன் விட்டுப்போன கடையாக இருக்கும், பூட்டுவான். எனக்கு யார் விட்டுப்போனது? சரோஜா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றதும் சரிதாங்க" என்றாள். அந்த "தும்" எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போதும் நான் செய்தது தப்பு என்று எழுத மாட்டேன். வறுமை எப்படி இருக்கும் என்று கல்பனாவுக்குத் தெரியாது, தெரியாமல் வளர்த்தது நான்தான். ஆனால் இந்த வருஷம் ஒன்று செய்தேன். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் மாஸ்டர் கணேசனைக் கூப்பிட்டேன்.

"கணேசா, தீபாவளியன்னைக்கு ரெண்டு கடையும் லீவு."

"அண்ணாச்சி, வெளாடாதீங்க."

"நெசமாத்தான்."

"ஆர்டர் வாங்கி வெச்சிருக்கமே?"

"முந்தின நாளே வந்து எடுத்துக்கச் சொல்லு."

கணேசன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். பிறகு, "அப்ப நானும் பிள்ளைகளக் கூட்டிட்டு லிவர்மோர் கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்றான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள் உண்டு என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வருஷமாக என்னிடம் வேலை பார்க்கிறான்.

கதவில் ஒட்டுவதற்கு நானே பெரிய எழுத்தில் எழுதினேன்: தீபாவளியை முன்னிட்டுக் கடை விடுமுறை. ஒட்டின ஒரு மணி நேரத்தில் எவனோ அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். தீபாவளிக்கே ஸ்வீட் கடை லீவா, அங்கிளுக்கு வயசாயிருச்சு என்று சிரிப்புப் பொம்மைகளோடு சுற்றியது. சிரிக்கட்டும். நான் அந்தப் பேக்கரிக்காரனைப் பார்த்துச் சிரிக்கவில்லையா?

தீபாவளியன்று விடிகாலையில் சரோஜா என்னை முக்காலியில் உட்கார வைத்துத் தலையில் நல்லெண்ணெய் வைத்தாள். கல்யாணமாகி நாற்பத்திநாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவை என்றாள். குளித்து, புது வேட்டி கட்டி, சோபாவில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அடுத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. வெளியே எல்லோரும் ஆபீசுக்குக் காரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வீட்டு வாசலில், விற்பனைக்கு என்ற பலகை.

சரோஜா அதிரசம் சுட்டிருந்தாள். நான் அடுப்பங்கரைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நொறுங்காத முழு அதிரசத்தைத் தட்டில் அடுக்கி, வீடியோவில் காட்டுவதற்காகப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இங்கே காலை என்றால் அங்கே சாயங்காலம், மகள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பாள் என்று கணக்குப் போட்டுக் கூப்பிட்டேன்.

தியாதான் போனை எடுத்தாள். புதுப் பாவாடை, தலையில் பூ. பின்னால் மேஜையில் நிஜ நெருப்போடு வரிசையாக விளக்கு. என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் இருந்த சோபாவையும் சுவரையும் பார்த்தாள். எனக்கு ஹேப்பி தீபாவளி சொல்லாமல் உள்பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா! இட்ஸ் தீபாவளி, ரைட்? ஒய் இஸ் தாத்தா அட் ஹோம்? இஸ் ஹி சிக்?"